ஒரு துண்டுத் துணி

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. அவர் பிறந்த ஆண்டு 1017 என்று மரபு சொல்கிறது. மந்திரத்தின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காகத் திருக்கோஷ்டியூர் நம்பியின் வீட்டுக்கு அவர் 18 தடவை நடந்தார். கடைசித் தடவையில்தான் கதவு திறந்தது. வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு நம்பி உபதேசித்தார். சீடரோ நேரே கோயில் கோபுரத்தின் மேல் ஏறினார். கீழே கூடியிருந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பொருளை உரக்கச் சொல்லிவிட்டார். குருவின் வார்த்தையை மீறியதற்குத் தண்டனையாக நரகம் கிடைத்தாலும், அத்தனை பேர் கரையேறுவார்களே என்று சமாதானமும் சொன்னார்.

இந்தக் கதை நமக்குப் பிடித்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஒருவருக்கென்று பூட்டி வைத்த பொருளை ஒருவர் எல்லோருக்குமாக எடுத்து வைக்கிறார். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கதாநாயகனை விட்டுக் கூட்டத்தைப் பார்க்கிற பழக்கம் உண்டு. அன்று கோபுரத்தின் கீழே நின்றவர்களில் காது மந்தமான ஒருவர் இருந்திருக்கலாம். கூட்டத்தின் இரைச்சலிலே ஒரு சொல்லும் மனத்தில் தங்காமல் தவித்த பையன் ஒருவன் இருந்திருக்கலாம். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியாகிவிட்டது. அவர்கள் கைக்கு அது வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. உபதேசம் செய்கிறவர்கள் முதல் காரியத்தைச் செய்து முடித்தவுடன் இரண்டாவதும் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். இக்காலத்துத் தியான வகுப்புகளைப் பற்றி எனக்கு இருக்கும் குறை இதுதான்.

'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற ஆங்கிலச் சொல் இப்போது காதில் விழாத இடமில்லை. பாலி மொழியில் இதற்கு 'ஸதி' என்று பெயர். வடமொழியின் 'ஸ்மிருதி'தான் அது. நினைவு என்பது நேர்பொருள். செய்கிற காரியத்தில் நினைவோடு இருப்பது என்று நாம் வைத்துக்கொள்ளலாம். புத்தர் போதித்த இந்தப் பயிற்சியை ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கர் 1979-ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மருத்துவக் கல்லூரிக்குள் கொண்டுபோனார். மதச் சடங்குகளை நீக்கி, தீராத வலிக்காரர்களுக்கு 8 வாரப் பாடமாக அதை அமைத்தார். அங்கிருந்து அது உலகத்தைச் சுற்றிவிட்டு, நம் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுப் பெட்டியோடு திரும்புவதைப் போல, புதிய பெயரோடு இங்கே வந்திருக்கிறது. கைப்பேசியில் கிடைக்கிறது; கம்பெனிகளின் பயிற்சிக் கூடங்களிலும் கிடைக்கிறது. கதவு நன்றாகவே திறந்திருக்கிறது.

ராமானுஜரின் ஊரைச் சுற்றி இப்போது வேறொரு கூட்டம் இருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை வந்தது. 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. ஏரியும் வயலுமாக இருந்த நிலத்திலே நாள் முழுவதும் ஷிப்டு பஸ்கள் ஓடுகின்றன. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மாத்திரம் 18,720 பேர் தங்கலாம் என்றால், இங்கே வந்து சேர்ந்திருக்கும் இளமையின் அளவைக் கொஞ்சம் ஊகிக்கலாம். ஊரை விட்டு வந்த பிள்ளைகள். ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. தூக்கம் கெட்டு, மனம் கலங்கி, யாராவது ஒரு வழி சொல்லமாட்டார்களா என்று தேடுவது இயற்கை.

எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன், ஒரகடத்துப் பக்கம் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். சிறு வயதிலிருந்தே 'ஓரிடத்தில் உட்காரமாட்டான்' என்று பெயர் வாங்கியவன். ஏ.டி.ஹெச்.டி. என்று டாக்டர் பெயர் வைத்தது இருபத்து மூன்றாவது வயதில். யாரோ சொன்னார்கள் என்று ஒரு தியான வகுப்புக்குப் போனான். முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, 40 நிமிஷம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். "கண்ணை மூடின உடனே உள்ளே பத்து ரேடியோ ஒண்ணாப் பாடுது மாமா. காலு தானா ஆடுது. பக்கத்துல இருக்கறவர் என்னைப் பார்க்கிறது கண்ணை மூடியிருந்தாலும் தெரியுது" என்றான். மூன்றாம் நாள் ஆசிரியர் அவனைத் தனியே அழைத்து, 'உனக்குச் சிரத்தை போதாது' என்று சொல்லி அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே வார்த்தை. அதைக் கேட்டுக்கொண்டு வந்தவன், சும்மா உட்காருவதற்குக்கூடத் தான் லாயக்கில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தான்.

இதே பையன் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு போல்ட்டு முறுக்குகிறான். போதுமான அளவு இறுகியதும் கருவி 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்குமாம். அந்தச் சத்தத்தை அவன் ஒரு தடவையும் தவறவிட்டதில்லை என்று அவனுடைய சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். கவனமே இல்லாதவனுக்கு இது எப்படிக் கைகூடும்? கவனம் இருக்கிறது. அது கையையும் காதையும் வழியாகக் கொண்டு வருகிறது. ஆசிரியரோ மூக்கு நுனியில் நின்றுகொண்டு அதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

மூளையின் அமைப்பிலேயே இப்படிப் பெரும்பான்மையோரிடமிருந்து மாறுபட்டவர்கள் பலவகை. கவனம் தாவித் தாவிச் செல்கிறவர்கள் ஒரு வகை. ஒலியும் ஒளியும் தொடுகையும் மற்றவர்களைவிடப் பன்மடங்கு உறைக்கிற, சொல்லைச் சொன்னபடியே பொருள் கொள்ளுகிற ஆட்டிஸம் உள்ளவர்கள் பலர். எழுத்து வரிகள் கலைந்து தெரிகிற பிள்ளைகள் வேறு. இவர்களை எல்லாம் குறைபட்டவர்கள் என்று ஒதுக்காமல், மனித இயல்பின் பல வார்ப்புகளில் சில என்று பார்க்க வேண்டும் என்ற கருத்து 1990-களில் ஆட்டிஸம் உள்ளவர்களிடையே தோன்றி, இப்போது மேல்நாடுகளில் வலுப்பெற்றிருக்கிறது. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, ஆட்டிஸத்தையும் கற்றல் குறைபாட்டையும் அதில் சேர்த்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி நியாயமான வசதிகளைச் செய்து தரவேண்டும் என்ற கொள்கையையும் அது ஏற்கிறது. சட்டம் ஏற்றுக்கொண்ட இந்தச் சாதாரண நியாயம் தியான மண்டபத்துக்குள் ஏன் நுழையவில்லை?

நுழையக் காரணமில்லை, தியானம் என்றால் அசையாமல் உட்காருவதுதானே என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குப் பதில் சொல்ல நான் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. பௌத்த நூல்களிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. தம்மபத உரையிலும் ஜாதகக் கதைகளின் முன்னுரையிலும் அது வருகிறது. சிறுகதை எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது படித்துப் பார்க்கவேண்டிய கதை.

ராஜகிருகத்தில் ஒரு செல்வரின் மகள், வீட்டு வேலைக்காரனோடு ஓடிப்போய்விடுகிறாள். இரண்டு பிரசவமும் வழியிலேயே நடக்கின்றன. வழியில் பிறந்ததால் இருவருக்கும் பந்தகன் என்றே பெயர். மூத்தவன் மகாபந்தகன், இளையவன் சூளபந்தகன். மூத்தவன் துறவியாகி, கற்றுத் தேர்ந்து, ஞானமும் பெற்றுவிடுகிறான். தம்பியையும் சங்கத்தில் சேர்த்து, நாலடிப் பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்யச் சொல்கிறான். நாலு மாதம் ஆகிறது. தம்பிக்கு அந்தப் பாட்டு வரவில்லை. இரண்டாம் அடியைப் படித்தால் முதல் அடி போய்விடுகிறது. மூன்றாவது வந்தால் இரண்டாவது நழுவுகிறது. இதற்கு மேல் நீ இங்கே இருந்து பயனில்லை, வீட்டுக்குப் போ என்று அண்ணன் சொல்லிவிடுகிறான். அந்தச் சமயத்தில் ஜீவகன் என்ற வைத்தியன் பிக்ஷுக்களை மறுநாள் விருந்துக்கு அழைக்கிறான். எத்தனை பேர் என்று கணக்குக் கொடுக்கும் பொறுப்பு மகாபந்தகனுடையது. அவன் தம்பியை விட்டுவிட்டுக் கணக்குக் கொடுக்கிறான்.

விடியற்காலையில் வெளியேறப் போகும் தம்பியை வாசலில் புத்தர் சந்திக்கிறார். தலையைத் தடவிக் கொடுத்து உள்ளே அழைத்து வருகிறார். வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, அதைத் தேய்த்துக்கொண்டே 'ரஜோஹரணம்' என்று சொல்லச் சொல்கிறார். அழுக்கை அகற்றுதல் என்பது அந்தச் சொல்லின் பொருள். சொல்லிவிட்டு விருந்துக்குப் போய்விடுகிறார். சூளபந்தகன் தேய்க்கிறான். வெயில் ஏறுகிறது. வெள்ளைத் துணி கை பட்டுப் பட்டு அழுக்காகிறது. சற்று முன் சுத்தமாக இருந்தது இப்படி மாறிவிட்டதே என்று பார்க்கிறான். எல்லாம் மாறுவதே என்ற பெரிய பாடத்தின் வாசல் அவனுக்கு அங்கே திறக்கிறது.

இந்தக் கதையைப் பக்தியோடு படித்தால் அற்புதம் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவோம். தொழில்காரன் கண்ணோடு படித்தால், அந்தப் பாடம் எவ்வளவு நுணுக்கமாக அமைந்திருக்கிறது என்பது தெரியும். நாலடிக்குப் பதில் ஒரே ஒரு சொல். கைக்கு ஓயாத வேலை. காலாட்டுகிறவனுக்கும் துணி தேய்க்கிறவனுக்கும் அசைவு தடையாக இல்லை. கண்ணை மூடும்படி கட்டளை இல்லை. பார்ப்பதற்குத் துணி இருக்கிறது. முன்னேற்றம் நடந்ததா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டாம், துணியே காட்டும். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிற கூட்டம் இல்லை. பாடத்தின் உள்ளடக்கமோ ஓர் இம்மியும் குறையவில்லை. அண்ணன் பாட்டின் மூலம் அடைந்த அதே இடத்துக்குத் தம்பி துணியின் மூலம் போய்ச் சேருகிறான். எளிமையாக்கினால் நீர்த்துப்போகும் என்று கவலைப்படுகிற ஆசிரியர்கள் இந்த இடத்தைத் திரும்பப் படிக்கலாம்.

சூளபந்தகனுக்கு என்ன குறை என்று இன்றைய டாக்டரைக் கொண்டு பெயர் சூட்டுவது எனக்குச் சம்மதமில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கதாபாத்திரத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது விளையாட்டு. கதையில் ஒரு பகுதியோடு எனக்குச் சண்டையும் உண்டு. அவனுடைய மந்தத்துக்குக் காரணம், முன் பிறவியில் வேறொரு மந்த பிக்ஷுவைப் பரிகசித்ததுதான் என்று உரையாசிரியர் கூறுகிறார். நம் ஊரில் இன்றைக்கும் இந்தப் பேச்சு ஓயவில்லை. ஆட்டிஸம் உள்ள குழந்தையைப் பெற்ற தாயிடம், போன ஜன்மத்துப் பாவம் என்று ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுமையைக் கதையிலிருந்து இறக்கி வைத்துவிடுவது நல்லது.

ஆனால் அதே உரை இன்னொரு முன்கதையும் சொல்கிறது. வேறொரு பிறவியில் அவன் அரசனாக இருந்தபோது, வியர்த்த நெற்றியைச் சுத்தமான துணியால் துடைத்து, துணி அழுக்கானதைக் கண்டு யோசித்தானாம். அந்தப் பழக்கம் தெரிந்துதான் புத்தர் துணியைத் தேர்ந்தெடுத்தார் என்பது விளக்கம். மறுபிறவியில் நம்பிக்கை இல்லாதவர்களும் இதில் ஓர் உண்மையை எடுத்துக்கொள்ளலாம். மாணவனுக்கு எது ஏற்கெனவே பழக்கமோ, அவன் கவனம் இதற்கு முன் எங்கே தங்கியிருக்கிறதோ, அங்கிருந்துதான் ஆசிரியர் பாடத்தை ஆரம்பித்தார். போல்ட்டின் 'டிக்' சத்தத்தைத் தவறவிடாத பையனுக்கு ஆசிரியர் அந்தச் சத்தத்திலிருந்து ஆரம்பித்திருக்கலாம்.

இது தனியாக எங்கோ கிடக்கும் ஒரு கதை என்றும் சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் காஞ்சிபுரம் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கைக்குப் போய் அனுராதபுரத்தில் உரைகள் எழுதிய புத்தகோஷர், தாம் முன்பு காஞ்சியில் வசித்ததைத் தம் உரை ஒன்றின் முடிவிலே குறிப்பிடுகிறார். அவருடைய 'விசுத்திமக்கம்' தியானத்துக்கு இலக்கணம் என்று சொல்லத் தக்க நூல். சூளபந்தகன் கதையை அதிலும் சொல்கிறார். அந்த நூலில் எல்லோருக்கும் பொதுவான ஒரே பயிற்சி என்று கிடையாது. தியானப் பொருள்கள் 40. மனிதர்களின் இயல்புகள் 6. இன்ன இயல்புக்கு இன்ன பயிற்சி என்று வகுத்துக்கொண்டு போகிறார்.

பயிற்சியோடு அவர் நிற்கவில்லை. இருக்கும் இடம், உண்ணும் உணவு, உடம்பின் நிலை வரைக்கும் பேசுகிறார். மயக்கம் மிகுந்த மனத்துக்கு இடுக்கமான இடம் ஆகாது. நாலு திசையும் திறந்த வெளி வேண்டும். உட்காருவதைவிட நடப்பது பொருந்தும். கோபம் மிகுந்தவனுக்கு நிழலும் வசதியும் உள்ள, கண்ணுக்கு இனிய உறைவிடம் வேண்டும். அவன் படுத்தோ உட்கார்ந்தோ பயிலலாம். எண்ணங்கள் ஓயாமல் பாய்கிறவனுக்குத் தோட்டமும் குளமும் தெரிகிற இடம் உதவாது. காடு மறைத்த குகை போன்ற இடம்தான் சரி. நியாயமான வசதி என்று நம் சட்டம் 2016-இல் சொன்னதற்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது!

இன்னொன்றையும் சொல்லி அவர் என் மதிப்பைச் சம்பாதித்துக்கொண்டார். இயல்புகளை அடையாளம் காணும் குறிகளையெல்லாம் விவரித்துவிட்டு, இவை மூலநூலிலோ பழைய உரையிலோ முழுமையாக வந்தவை அல்ல, ஆசிரியர்களின் அபிப்பிராயமே, ஆகையால் இதையே முடிவாகக் கொள்ளவேண்டாம் என்று எச்சரிக்கிறார். ஆளைப் பார்த்தவுடன் முத்திரை குத்திவிடாதே என்பதுதானே இது? ஏ.டி.ஹெச்.டி. என்ற சீட்டைப் பார்த்தவுடன் பாடத்தைத் தயார் செய்கிற புதிய நிபுணர்களுக்கும் இந்த எச்சரிக்கை தேவை.

மேல்நாட்டார் இப்போது இந்தப் பழைய வழிக்குத் தங்கள் சொந்த ஆராய்ச்சியினால் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் லிடியா ஜிலோவ்ஸ்கா என்ற டாக்டரும் தோழர்களும் ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களுக்காக 8 வாரப் பாடம் ஒன்றை அமைத்து 2008-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். கபாட்-ஜின்னின் பாடத்தில் வீட்டுப் பயிற்சி தினம் 45 நிமிஷம். இவர்கள் 5 நிமிஷத்தில் ஆரம்பித்து 15 நிமிஷத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நடைத் தியானத்துக்கும் இடம் கொடுத்தார்கள். நெதர்லாந்தில் ஆட்டிஸம் உள்ள பெரியவர்கள் 42 பேரை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி 2013-இல் வெளிவந்தது. அங்கே வழக்கமான 8 வாரத்தை 9 ஆக்கினார்கள். உவமை உருவகங்களைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மனச் சோர்வும் பதற்றமும் குறைந்ததாக முடிவு கண்டார்கள்.

இவற்றைக் காட்டிலும் எனக்குப் பிடித்தது நிர்பய் சிங் என்பவரும் தோழர்களும் 2003-இல் எழுதிய சிறிய அனுபவம். அறிவு வளர்ச்சி சற்றுக் குறைந்த, 27 வயதுள்ள ஒருவன். கோபம் வந்தால் அடிப்பான். அதனால் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வாழ முடியாமல் இருந்தான். மூச்சைக் கவனிப்பது அவனுக்குப் பாடமாக இருக்கவில்லை. கோபம் கிளம்பும்போது கவனத்தை உள்ளங்காலுக்குக் கொண்டுபோ. கால் விரலை அசை. செருப்பு காலில் படுவதை உணர்ந்து பார். இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அவன் கற்றுக்கொண்டான்; வெளியே போய் வாழ்ந்தான்; ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் கைநீட்டவில்லை. ஒரே ஆளின் கதையை வைத்து உலகத்துக்கு விதி செய்துவிட முடியாது. ஆனால் சூளபந்தகனின் துணிக்கு இந்த உள்ளங்கால் நேர் வாரிசு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. எந்நேரமும் நின்று வேலை செய்கிற ஒரகடத்துப் பிள்ளைகளுக்கு உள்ளங்காலைவிட நெருக்கமான ஆசிரியர் யார்?

நம் வகுப்புகளின் பாஷையைப் பற்றி எழுத்தாளன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருக்கிறது. ஒலிப்பதிவில் கிடைக்கும் தமிழ்த் தியான உரைகளைச் சில நாள் விடாமல் கேட்டுப் பார்த்தேன். குரலை வேண்டுமென்றே குழைத்து, மனத்தை வானமாகவும் எண்ணத்தை மேகமாகவும் பாவிக்கச் சொல்கிறார்கள். பிரபஞ்சத்தோடு கரையச் சொல்கிறார்கள். மனத்தைக் காலியாக்கச் சொல்கிறார்கள். கவிதை ருசி உள்ளவர்களுக்கு இது இதமாக இருக்கலாம். சொல்லைச் சொன்னபடியே வாங்கிக்கொள்கிறவன் நிலைமை என்ன? 'மேகம் எந்த நிறம்? கரைந்தால் திரும்பி வருவது எப்படி? காலியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?' என்று அவன் உண்மையாகவே தவிக்கிறான். உடம்புக்குள் நடப்பது தெளிவாகத் தெரியவராதவர்களும் ஆட்டிஸம் உள்ளவர்களில் உண்டு. 'உடம்பைத் தளர விடுங்கள்' என்ற வாக்கியம் அவர்களுக்கு முகவரி இல்லாத கடிதம்.

இதையே வேறு மாதிரி எழுத முடியும். 'இரண்டு பாதங்களும் தரையில் இருக்கின்றன. வலது பாதத்தை அழுத்துங்கள். தரை குளிர்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா? தெரியாவிட்டால் பரவாயில்லை. கண் திறந்திருக்கலாம். அசையவேண்டும் என்று தோன்றினால் அசையுங்கள். இது 3 நிமிஷம் நடக்கும். முடியும்போது நான் சொல்லுவேன்.' இதில் அலங்காரம் இல்லை. எத்தனை நேரம், எப்போது முடியும், தவறினால் என்ன என்று எல்லாம் சொல்லியாகிவிட்டது. நல்ல உரைநடைக்கு நாம் சொல்லும் இலக்கணமும் கிட்டத்தட்ட இதுதான். மனம் மாறுபட்டவர்களுக்காகத் திருத்தி எழுதினால், மற்றவர்களுக்கும் அது தெளிவாகிவிடும்.

ஆகையால் பழைய கட்டுப்பாடுகளையெல்லாம் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வட்டாரத்துக்கு அருகிலே, திருமுடிவாக்கத்தில், எஸ். என். கோயங்கா மரபின் விபஸ்ஸனா மையம் இருக்கிறது. 'தம்ம சேது' என்று பெயர். பத்து நாள் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. ராமானுஜர் கோபுரத்தில் நின்ற தாராளம் அதில் இருக்கிறது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாளில் ஏறக்குறைய 10 மணி நேரம் தியானம். பேச்சு, படிப்பு, எழுத்து, கைப்பேசி எதுவும் இல்லை. நாலாம் நாளிலிருந்து தினம் மூன்று தடவை, ஒவ்வொரு மணி நேரம், கை காலை அசைக்காமல் உட்காரும் உறுதி. கால் தானாக ஆடுகிற என் பையனுக்கு இது மலை. ஆனால் ஆட்டிஸம் உள்ள ஒருவருக்கு இதே இடம் நிம்மதியாகவும் இருக்கக்கூடும். யாரையும் கண்ணோடு கண் பார்க்கவேண்டாம், குசலம் விசாரிக்கவேண்டாம், அடுத்து என்ன நடக்கும் என்பதை மணி சொல்லிவிடும். ஒருவனுக்குச் சுவராக இருக்கும் விதி இன்னொருவனுக்குச் சாய்ந்துகொள்ளத் தூணாகிறது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் இந்தப் பயிற்சிக்கு வரவேண்டாம் என்று அந்த மரபினரே தங்கள் விதிகளில் சொல்லியிருப்பதும் நேர்மையான காரியம். நீண்ட மௌனம் சிலருக்குக் கலக்கத்தைக் கூட்டும். எனவே ஒரு மையத்தின் விதியை மாற்றுவதைக் காட்டிலும், வேறு விதிகள் உள்ள வேறு வகுப்புகளும் இருக்கவேண்டும் என்பதே முக்கியம். ஐந்து நிமிஷ வகுப்பு, நடக்கும் வகுப்பு, கையில் கூழாங்கல்லோ துணியோ வைத்துக்கொள்ளும் வகுப்பு. வருகிறவனிடம் முதலில் 'உனக்கு எது தொந்தரவு?' என்று கேட்கிற வகுப்பு.

இங்கே ஒரு ஜாக்கிரதையும் தேவை. கம்பெனிக் கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் தியானத்தில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. தலைக்கு மேல் விளக்கு மினுக்குகிறது, காதைப் பிளக்கும் சத்தம், வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்டு. இவற்றால் உடம்பும் மனமும் நொந்து வருகிறவனிடம் மூச்சைக் கவனி என்று சொல்வது சுலபம், செலவும் குறைவு. ஒலியும் ஒளியும் பன்மடங்கு உறைக்கிறவனுக்கு முதல் மருந்து காதடைப்பானும், மினுக்காத விளக்கும், முன்கூட்டியே தெரிகிற வேலை அட்டவணையும்தான். அவற்றைக் கொடுத்த பிறகு தியானத்தைப் பேசலாம். புத்தகோஷர் உறைவிடத்தைச் சொல்லாமல் பயிற்சியை மாத்திரம் சொல்லவில்லை என்பதை மறக்கக்கூடாது. மனிதனைத் திருத்தி இரைச்சலுக்குப் பொருத்துவதற்காக ஏற்பட்டதல்ல இந்த வித்தை.

கடைசியாக மகாபந்தகனைப் பற்றி ஒரு வார்த்தை. கதையைப் படிக்கிறவர்கள் அவனை வில்லனாக்கிவிடுகிறார்கள். அது நியாயம் இல்லை. அவன் படித்தவன், ஞானம் பெற்றவன், தம்பியை அழைத்துவந்ததே அவன்தான். நாலு மாதம் பொறுத்தும் பார்த்தான். தனக்குப் பலித்த வழி எல்லோருக்கும் பலிக்கும் என்று நம்பினான் என்பதைத் தவிர அவனிடம் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. நம்மில் ஆசிரியராகவும் தகப்பனாகவும் சூப்பர்வைசராகவும் இருக்கிற அநேகர் அவனைப் போன்றவர்கள்தான்.

கதையின் பிற்பகுதியில் ஜீவகன் வீட்டு விருந்து நடக்கிறது. இலை போட்டாகிவிட்டது, கணக்குப்படி எல்லோரும் வந்தாகிவிட்டது. ஜீவகன் பரிமாற வருகிறான். புத்தர் பாத்திரத்தைக் கையால் மூடிக்கொள்கிறார். விகாரத்தில் இன்னும் யாரோ இருக்கிறார்கள் அல்லவா என்று கேட்கிறார். இல்லை என்கிறான் மகாபந்தகன். அவன் கையில் இருக்கும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆள் அனுப்பித் தேடி, சூளபந்தகனை அழைத்து வந்து உட்கார வைக்கிறார்கள். விருந்து முடிந்ததும் எல்லோர் சார்பிலும் நன்றி சொல்லிப் பேசும்படி புத்தர் பணிப்பது அவனைத்தான்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இனி தியான வகுப்பு ஆரம்பிக்கிறவர்கள், மணி அடிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் பாத்திரத்தை மூடிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். கணக்கில் விட்டுப்போனவர்கள் தொலைவில் இருக்கமாட்டார்கள்.